அடக்கத்தில் எங்களை அடிச்சுக்க முடியாது

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் குடும்பங்களின் பண்பாட்டை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். என்ன ஒரு அடக்கம்! மார்பில் கட்டி தட்டுப்பட்ட பெண்கூட அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். "மேலுக்கு முடியல" என்பாள், அவ்வளவுதான். மாமியார் நொடியில் கண்டுபிடித்துவிடுவார்: "பால் கட்டியா இருக்கும்." கடைசிப் பிள்ளை காலேஜ் படிப்பதெல்லாம் அந்த ஞானத்துக்குத் தடையே இல்லை. வலிக்கவில்லையா, இன்னும் நல்லது. ஆரம்பத்தில் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பது டாக்டர்கள் கவலை.

கணவன்மாரின் கருணையைச் சொல்லி மாளாது. புவனகிரிப் பக்கம் கறவை மாட்டுக்கு மடி வீங்கிக் கல்லாகட்டும், சாயங்காலப் பால் கறக்கும் முன் மாட்டு டாக்டர் வாசலில் நிற்பார். மனைவியை அப்படியெல்லாம் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆனித் திருமஞ்சனம் ஆகட்டும், நடவு முடியட்டும், பெண்ணுக்கு வரன் அமையட்டும். வரன் பார்க்கிற வீட்டில் 'அந்த நோய்' பேச்சு எழலாமா? ஒன்றுமே இல்லாதவள் வலியப் போய் உடம்பைக் காட்டுவதோ, அதைவிட அநாகரிகம்.

அரசாங்கமும் சளைத்ததல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மார்புப் பரிசோதனை வைத்திருக்கிறது; அதுவும் பகலில், அவர்கள் களை எடுத்துக்கொண்டோ நூறு நாள் வேலையிலோ ஓய்வாக இருக்கும் நேரமாகப் பார்த்து. பலன் தெரிகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 5.6 சதவீதம். இந்திய அளவில் 0.9 தான். ஆறு மடங்கு முன்னால் நிற்கிறோம், மேடை போட்டுச் சொல்லலாம். மிச்சமுள்ள 94 பேரைப் பற்றி மேடையில் யார் கேட்கப்போகிறார்கள்?

மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்களுக்கு இந்த நிதானம் கிடையாது. 1998-ல் தொடங்கி இருபது வருஷம், ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஆராய்ந்தார்கள். மெஷின் இல்லை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கையால் பார்த்ததுதான். 50 வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. பாவம், பக்கத்தில் நல்ல மாமியார் இல்லை போலிருக்கிறது.

நம்மவர்களுக்கும் வேகம் வரும், முற்றிய பிறகு. அப்போது கார் பிடித்து, நகையை அடகு வைத்து, ஜிப்மருக்கும் அடையாறுக்கும் பறக்கிற சுறுசுறுப்பை மெச்சத்தான் வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது.