கையெழுத்து மோசடி செய்த ஈ

கொடைக்கானல் சோலைக்காட்டுப் பாதையில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் சட்டென்று நின்றார். முகத்துக்கு நேரே, ஒரு முழத் தூரத்தில், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட பூச்சி ஒன்று அந்தரத்தில் அசையாமல் நின்றது.

"குளவி! யாரும் அசையாதீங்க!"

மனைவியும் மைத்துனரும் சிலையானார்கள். மேலாளர் மட்டும் நாலடி பின்னால் போயிருந்தார்.

"தேனீ மாதிரில்ல இருக்கு, அத்தான்" என்றார் மைத்துனர். பின்னால் வந்த விலங்கியல் மாணவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஈ, சார். ஹோவர்ஃப்ளை" என்றான். மேலாளர் முகம் வாடியது. குளவிக்குப் பயந்தால் எச்சரிக்கை. ஈக்குப் பயந்தால் அது பரம்பரைக்கும் பேசப்படும்.

குளவிக்கும் தேனீக்கும் நான்கு இறக்கைகள், ஈக்கு இரண்டுதான். இதைச் சொல்வது சுலபம், எண்ணுவது கஷ்டம். குளவி பறக்கும்போது முன்னிறக்கையும் பின்னிறக்கையும் கொக்கிகளால் கோத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். ஈக்கோ பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரண்டு குமிழ்கள். உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பறக்கும்போதே அவை உணர்த்தும். ஆகவே கொம்பைப் பார்ப்பது நல்லது: குளவிக்கு நீண்ட உணர்கொம்பு, ஹோவர்ஃப்ளைக்குக் குட்டையான முளை. அதிலும் வில்லங்கம் உண்டு. சில இனங்கள் முன்னங்கால்களை முகத்துக்கு முன்னால் தூக்கி ஆட்டி, நீளக் கொம்பு இருப்பதாகப் பாவனை காட்டும்.

கொடுக்கே இல்லாத பூச்சிக்கு எதற்கு இத்தனை ஜோடனை? ஒருமுறை குளவியிடம் கொட்டு வாங்கிய பறவை அந்தப் பட்டையை மறப்பதில்லை; அதே பட்டை போட்ட ஈயையும் தொடாமல் விட்டுவிடும். காசோலைகளில் போலிக் கையெழுத்தைத் தேடியே தலை நரைத்த மேலாளர், "அப்போ இது ஃபோர்ஜரி" என்றார், கொஞ்சம் மரியாதையோடு.

ஏமாந்தவர் அவர் மட்டுமல்ல. செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று பழைய கிரேக்கரும் ரோமானியரும் நம்பினார்கள். அவர்கள் கண்டது அழுகல் நீரில் புழுவாக வளரும், தேனீயைப் போலத் தோன்றும் ஹோவர்ஃப்ளை வகையாகத்தான் இருக்கவேண்டும் என்று 1894இல் புத்தகமே எழுதினார் ஆஸ்டன் சாக்கன். அவர் ரஷ்யாவின் ராஜதந்திரி. இந்திய ஹோவர்ஃப்ளைகளை விவரிக்கும் 1923ஆம் ஆண்டுத் தொகுதியை எழுதிய புரூனெட்டியோ இசைக்கலைஞர். இந்தத் துறையில் வங்கிக்காரர் நுழைய எந்தத் தடையும் இல்லை என்பது மேலாளருக்குப் பிடித்துப்போயிற்று.

"சரி தம்பி, இதுக்கு முழுப் பேரு என்ன?"

படத்தைக் கேட்டான் மாணவன். மேலாளர் எடுத்த படங்களில் பாதி இலை. மீதியில் மஞ்சளாக ஒரு தீற்றல். இறக்கை நரம்பு தெரிந்தாலாவது முயலலாம் என்றான். பல இனங்களைப் பிடித்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் பெயர் சொல்ல முடியுமாம்.

அன்று மாலை குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தத் தீற்றல் வந்தது. கீழே மேலாளரின் வரி: "கொடைக்கானலில் நேருக்கு நேர் சந்தித்த அரிய குளவி."

அரை நிமிடத்தில் மைத்துனர் திருத்தம் போட்டார்: "ஈ."