செவிலிப் புதர்: கேள்வி – பதில்

கேள்வி: நெற்களஞ்சியத்தில் இருந்துகொண்டு வறண்ட நிலத்துப் புதரைப் பற்றிக் கேட்கலாமா? (ஒரத்தநாடு வாசகி)

பதில்: உங்கள் ஊரை வைத்தே கேட்கலாம். 1934-ல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாய் என்ற புது ஆறும் வரும்வரை ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமிதான். புது ஆறு வந்தது, நெல்லும் கூடவே வந்தது. தண்ணீர் ஏறாத வல்லம் மேட்டில் காரை, சூரை முள்புதர்கள் இன்றும் நிற்கின்றன.

கேள்வி: எங்கள் மேட்டில் முள்புதருக்குள் மட்டும் வேப்பங்கன்று நிற்கிறது. நட்டது யார்? (வல்லம் வாசகர்)

பதில்: மைனாவும் காக்கையும்! பழம் தின்ற பறவை உட்கார ஒரு கிளை வேண்டும். எச்சமும் விதையும் அந்தக் கிளைக்கு அடியில்தான் விழும். ஆனால் விழுந்தால் போதுமா? பிழைக்க வேண்டுமே. போன சித்திரையில் உங்கள் மேட்டில் ஒரு சங்கஞ்செடியின் கிளையைக் கம்பால் தூக்கிப் பார்த்தேன். வெளியே செருப்பையும் மீறிக் காலைச் சுடும் சரளை மண். உள்ளே கை விட்டால் விரல் புதைகிறது. மக்கிய சருகு, கறையான் மண், ஒரு நத்தை ஓடு. அவற்றுக்கு நடுவே நூல் கனத்தில் தண்டும் நான்கே இலைகளுமாக ஒரு வேப்பங்கன்று. சுற்றிலும் ஆட்டு வாய் நுழைய முடியாத முள். நிழலில் மண்ணின் சூடு தணிகிறது, மழை ஈரம் சில நாள் கூடுதலாகத் தங்குகிறது, சருகு எருவாகிறது. பெற்ற மரம் எங்கோ இருக்க, வளர்ப்பது இந்தப் புதர். தாவரவியலார் இத்தகைய செடியைச் செவிலி என்கிறார்கள். பொருத்தமான பெயர்.

கேள்வி: அப்படியானால் தோப்பில் இருக்கிற புதரையும் விட்டுவிடலாமா? (பேராவூரணி வாசகர்)

பதில்: வேண்டாம். நீரும் எருவும் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் அதே புதர் பங்காளியாகிவிடும். வெயிலுக்கும் வேரோட இடத்துக்கும் சண்டை. பெர்ட்னஸ், கேலவே என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் 1994-ல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள்: நிலத்தின் கொடுமை கூடக் கூடச் செடிக்குச் செடி செய்யும் உதவி மேலோங்கும், செழிப்பு கூடினால் போட்டி மேலோங்கும். தோப்பில் வெட்டுங்கள். மேட்டில் அரிவாளைக் கீழே வையுங்கள்.

கேள்வி: காட்டுக்கருவையும் முள்தான், நிழலும் தருகிறது. அதன் அடியில் மட்டும் ஏன் ஒன்றும் முளைப்பதில்லை? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. காட்டுக்கருவை என்கிற சீமைக்கருவேலத்துக்கு அமெரிக்கக் கண்டம்தான் பிறந்த மண். 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்டோம். 2012-ல் வெளியான ஓர் ஆய்வு இந்த மரத்தை அதன் சொந்த மண்ணான வெனிசுவேலாவிலும், வந்தேறிய இந்தியாவிலும் ஒப்பிட்டது. வெனிசுவேலாவில் இதன் அடியில் பிற செடிகள் கூடுதலாகவே வளர்கின்றன. அங்கே இதுவும் செவிலிதான்! இங்கோ அடியில் செடி வகைகள் குறைகின்றன. இலைச் சருகிலிருந்து மண்ணில் இறங்கும் வேதிப்பொருட்கள் விதையையும் நாற்றையும் ஒடுக்குகின்றன. பிறந்த மண்ணின் செடிகள் காலங்காலமாக அதோடு பழகியவை. நம் செடிகளுக்கு அந்தப் பழக்கம் ஏது?

அதே ஆய்வில் நம் வன்னி மரமும் உண்டு. சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு, ஆனால் தன் அடியில் மற்றச் செடிகளை வாழவைக்கிறது. ராஜஸ்தானில் வன்னி நிழலில் கம்பு விதைக்கிறார்கள். நம்மிடம் குத்தாலம் பக்கத்தில் திருவன்னியூர் என்று ஓர் ஊரின் பெயரிலேயே வன்னி இருக்கிறது. ஆனால் வன்னியைக் கோயில் பிராகாரத்தோடு நிறுத்திவிட்டோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம்.

கேள்வி: 'பொன்னியின் செல்வ'னில் வரும் கோடிக்கரைக் காடு இப்போதும் இருக்கிறதா? (கும்பகோணம் வாசகி)

பதில்: இருக்கிறது. 1967-ல் சரணாலயமானது, 2002-ல் ராம்சர் ஈரநிலத் தகுதியும் கிடைத்தது. மணல்மேட்டில் பாலை மரமும், அதன் காலடியில் களா, சங்கு, நிலக்குமிழ், தண்ணீர்விட்டானும் ஒன்றையொன்று அணைத்து நிற்கும் உலர் பசுமைக்காடு அது. அங்கும் சீமைக்கருவேலம் நுழைந்துவிட்டது. வெளிமானும் காட்டுக் குதிரையும் அதன் இனிப்பான காயைத் தின்கின்றன, விதை சாணத்தோடு ஊரெங்கும் பரவுகிறது. திறந்த புல்வெளியில் வாழவேண்டிய வெளிமான், அந்தப் புல்வெளியை மூடும் மரத்தைத் தானே விதைக்கிறது. பார்க்கவே மனம் பதைக்கிறது.

கேள்வி: வளர்த்துவிட்ட புதருக்கு மரம் என்ன கைம்மாறு செய்கிறது? (தஞ்சாவூர் கல்லூரி மாணவி)

பதில்: பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. வட அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் சகுவாரோ என்ற பெரிய கள்ளி, பாலோ வெர்டே மரத்தின் நிழலில்தான் குழந்தைப் பருவத்தைக் கழிக்கும். வளர்ந்தபின் மழைநீரை முந்தி உறிஞ்சிக்கொள்ளும். செவிலி மரம் பட்டுப்போவதும் உண்டு.

கேள்வி: ஊர்ப் புறம்போக்கில் வைக்கிற கன்றையெல்லாம் ஆடு மேய்ந்துவிடுகிறது. கூண்டுக்குப் பணமில்லை. (பாபநாசம் வாசகர்)

பதில்: கூண்டு அங்கேயே நிற்கிறதே! காரை, சூரை, களா, சங்கு என்று எது இருந்தாலும் அதன் கிழக்கு ஓரத்தில், முள்ளுக்குள் கை நுழையும் தூரத்தில் ஐப்பசி மழையோடு வேம்போ வன்னியோ வையுங்கள். பிற்பகல் வெயிலைப் புதர் தடுக்கும், ஆட்டை முள் தடுக்கும். கார்த்திகை மழை முடிவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று. சீமைக்கருவேலத்தை அகற்ற ஜேசிபி வருகிற அன்று வேலையை விட்டுவிட்டுப் போய் நில்லுங்கள். ஓட்டுநருக்கு எல்லாமே முள்தான். எது காரை, எது சூரை, எது சங்கு என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். முடிந்தால் காலையிலேயே அவற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்துவிடுங்கள்.