புராஜெக்ட் தம்பி

வயது ஐம்பதைத் தாண்டியும் அந்தமானின் பத்துபஸ்திக்கு அவர் ‘புராஜெக்ட் தம்பி’தான். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் தீவில் வந்து குவிந்தபோது, தமிழும் இந்தியும் பேசுகிறாரே என்று சேர்த்துக்கொண்டார்கள். வந்தவர்கள் கப்பலேறிவிட்டார்கள். தம்பி இருக்கிறார்.

அன்று மனநல ஆலோசகர். நன்கொடை கொடுப்பவர்களின் பிரியம் மாறியதும் வாழ்வாதார அலுவலர். பிறகு பேரிடர் தயார்நிலை. இப்போது பருவநிலை மாற்றம். விசிட்டிங் கார்டுதான் மாறுகிறது. ஏறி இறங்குகிற வீடுகள் அதேதான். மகளிர் குழுத் தலைவி பெரியம்மா அவர் தெருமுனையில் திரும்பும்போதே கேட்பார்:

“இந்த வருஷம் நாங்க யாரு தம்பி? பாதிக்கப்பட்டவங்களா, தொழில்முனைவோரா? முன்னாடியே சொன்னா அதுக்கேத்த சேலை கட்டுவோம்ல.”

கேட்க வேண்டிய கேள்விதான்; யார் யார் என்பதைப் பணம் வரும் தலைப்புதான் முடிவுசெய்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள். பெரிய நிறுவனம் தான் வாங்கியதைச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதோடு நின்றது. ஆபீஸ் வாடகை, கரண்டு பில், கணக்கெழுதுபவர் சம்பளம் எல்லாம் அந்த இருபதுக்குள் முண்டியடிக்கின்றன. ஆகவே பட்ஜெட்டில் தம்பி அரைப் பயிற்சியாளர், கால் கணக்கெடுப்பாளர். மிச்சக் காலுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. ஊரெல்லாம் அலைவது அந்தக் கால்தான்.

சரி, கம்பெனிகளிடம் போகலாம் என்றால், 2014 முதல் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும், உண்மை. ஆனால் தாங்கள் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்கிறது அதே சட்டம். இங்கே பெயர் சொல்லும்படி இருப்பது 1883-ல் தொடங்கிய சாத்தம் மர ஆலை, அதுவும் வனத்துறையுடையது. தப்பித் தவறி ஒரு கம்பெனி இரங்கினாலும் தையல் மிஷின்தான் தரும். மிஷினில் லோகோ ஒட்டலாம். கணக்கெழுதுபவர் நெற்றியில் ஒட்ட முடியுமா?

பணம் கொடுத்துவிட்டு ஆய்வுக்கு வருகிறவர்கள் ஜூன் மழையில் வந்து நான் பார்த்ததில்லை. டிசம்பர், ஜனவரிதான் அவர்களுக்கு ஏழைகள் மேல் அக்கறை பொங்கும் பருவம். காலையில் பத்துபஸ்தி, மத்தியானம் ஹேவ்லாக் தீவுக்குச் சுற்றுலாப் படகு. மார்ச் பிறந்தால் தம்பிக்கு வேறு தலைவலி: 31-க்குள் பணத்தைத் தீர்க்க வேண்டும். பெரியம்மாவுக்கு ஐந்தாவது முறையாகத் தலைமைப் பண்புப் பயிற்சி, சமோசாவுடன்.

ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை சம்பளம் கிடையாது. அப்போதெல்லாம் தம்பி வீட்டு அடுப்பு, மனைவி பெரியம்மாவின் குழுவில் வாங்கும் கடனில்தான் எரிகிறது. போன தடவை பெரியம்மா நோட்டில் ‘காரணம்: வாழ்வாதாரம்’ என்று எழுதிவிட்டு, தம்பியையும் பக்கத்தில் நிற்கவைத்தார்.

“கொஞ்சம் சிரி தம்பி, போட்டோ எடுக்கணும்.”