வரப்பு நடை

நடையில் கம்பீரம் வேண்டும் என்று போதித்த பெரியோர் எவரும், ஐப்பசி அடைமழையில் கீழ்பென்னாத்தூர் வயல் வரப்பின்மீது நடந்திருக்க மாட்டார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கரைவேட்டியும் புதுச்செருப்புமாய், மார்பை நிமிர்த்தி வரப்பில் கால் வைக்கிற கனவான், பத்தடி போவதற்குள் தம்முடைய சரீரத்தின் பாரத்தைப் பிரத்தியட்சமாக அறிந்துகொண்டு, நடவு நடுகிற பெண்களின் சிரிப்புக்கும் பாத்திரமாகிவிடுகிறார். அதே வரப்பில் நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்து வருகிறவரோ, செருப்பைக் கரையிலேயே விட்டு, முழங்காலைச் சற்றே தளர்த்தி, கட்டைவிரலை மண்ணில் ஊன்றி, சாண் சாணாக அடி வைத்து, அலுங்காமல் போய்ச் சேருகிறார்.

டொராண்டோவில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகன், அங்கே பனி உறைந்த நடைபாதையில் பெங்குயின் பட்சியைப்போல நடக்கும்படி ஜனங்களுக்கு உபதேசிக்கிறார்கள் என்று தொலைபேசியில் மகா அதிசயமாகச் சொன்னான். பாதங்களைச் சிறிது வெளிப்புறம் திருப்பி, முன்வைத்த காலின்மேல் பாரத்தைப் போட்டு, குட்டி அடியாக எடுத்து வைக்க வேண்டுமாம். கைகளைச் சட்டைப்பையில் நுழைக்கவே கூடாதாம். நீள அடி வைத்தால் குதிகால் முன்னோக்கி உதைக்கிறது. வழுக்குகிற தரையோ அந்த உதையைத் தாங்குவதில்லை. ஆகையால் உடம்பின் பாரம் பாதத்துக்கு நேர்மேலே நிற்க வேண்டும் என்பதே இதன் தாத்பரியம். பட்சியிடம் போய்க் கற்றுக்கொண்டதை எங்கள் ஊர் நடவாளிடம் கேட்டிருந்தால் இனாமாகவே சொல்லியிருப்பார்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்ப்படலம் ஒன்று இருக்கிறதென்று மைக்கேல் பாரடே 1850லேயே எடுத்துக்காட்டினார். அந்தப் பனிக்கட்டியோடு மல்லுக்கு நிற்க அங்கே உப்பைத் தூவி உறைநிலையைத் தாழ்த்துகிறார்கள், குளிர் முற்றிவிட்டால் உப்பும் பலிக்காமல் மணலைத் தூவுகிறார்கள். எங்கள் சேறு அப்படியல்ல, தள்ளிவிட்ட கையோடு மெத்தையும் விரித்துத் தருகிற தயாளகுணம் அதற்கு உண்டு. பனித்தரைக்குத் தயை தாட்சிணியம் கிடையாது. எங்கே விழுந்தாலும் கையை நீட்டி ஊன்றாதீர்கள். மணிக்கட்டு முறிந்து, புத்தூர்க் கட்டுக்கு வழி விசாரிக்கும்படி ஆகும். பக்கவாட்டில் சரிந்து, தொடையிலும் தோளிலும் அடியை வாங்கிக்கொள்வதே உத்தமம். கௌரவம் போனால் போகட்டும்.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வந்து 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற அன்பர்களே, அது மழைமாதம்: செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குறுகிய அடியாய் நடங்கள்.