பொக்கேப் பொறுப்பாளர்

மணிவிழாவுக்கு வேலை பிரிக்கும்போது சமையல் ஒருவர் தலையில் விழும், பத்திரிகை இன்னொருவர் தலையில், திருக்கடையூரில் அறை பிடிப்பது மூத்த மாப்பிள்ளை தலையில். எதுவும் விழாமல் ஒருவர் மிஞ்சுவார். யாரும் கேட்காமலே அவர், "பொக்கேயை நான் பாத்துக்கறேன்" என்பார். பெரும்பாலும் சித்தப்பா முறை அல்லது பெரிய மைத்துனர். சந்தனமும் மஞ்சளும் எத்தனை கிராம் என்ற விவாதத்தில் வாய் திறக்காதவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முழு அதிகாரம் கோருவார். "வழக்கமா நிக்கிற கடை இருக்கு, நம்ம பையன்தான்" என்பார். அந்தப் பையனுக்கு இவரைத் தெரியாது. இவரைக் கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று தெளிவாகும்: இவர் பூ வாங்கப் போவதே இல்லை. மேடையில் எடுக்கப்போகும் ஒரு படத்தை வாங்கப் போகிறார். அந்தப் படத்துக்குள் பூவுக்கு இருக்கும் வேலை, அருகில் நிற்பவர் சும்மா வரவில்லை என்று காட்டுவது.

சாட்சிக்குக் கடைவரை போனால் போதும். "என்ன பூ சார்?" என்று கேட்டால், "பெருசா இருக்கணும்" என்பது பதில். கேள்வி பூவைப் பற்றியது, பதில் அளவைப் பற்றியது. பையன் செல்பேசியை நீட்டுவான். இவர் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒரு படத்தைத் தொட்டு, "இதே மாதிரி, ஆனா இன்னும் உயரமா" என்பார். அந்தப் படத்தில் இருப்பது தாய்லாந்திலிருந்து வந்த ஊதா ஆர்க்கிடா, கோத்தகிரிப் பக்கம் பாலித்தீன் குடிலில் வளர்ந்த கார்னேஷனா என்பது அவருக்கு வேண்டாத விவரம். வாளி வாளியாகப் பூ இருக்கும் கடையில் ஒன்றைக்கூட எடுத்து முகர்ந்து பார்ப்பதில்லை. அது ஒருவகையில் நல்லதுதான். வெட்டிய பிறகு பல நாள் தாங்க வேண்டும் என்றே வளர்த்தெடுத்த இன்றைய ரோஜாவில் மணம் ரொம்பக் குறைவு, முகர்ந்தால் ஏமாற்றம்தான்.

இவருடைய அறிவுத்திறம் உச்சம் தொடும் இடம் எண்ணிக்கை. அறுபது வயதுக்கு அறுபது ரோஜா! கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. 1966இல் பராபவ ஆண்டில் பிறந்தவருக்கு 2026 சித்திரையில் அதே பராபவ திரும்பி வருகிறது. அறுபது ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்று முடிந்ததைத்தான் நாம் கொண்டாடுகிறோம், ஆகையால் அறுபதுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் நீளக் காம்போடு அறுபது ரோஜாவும், இடைவெளி நிரப்ப வெள்ளைப் பொடிப்பூவும், கீழே நீர் ஊறிய பஞ்சும், சுற்றிலும் மூன்று அடுக்குத் தாளும் சேர்ந்தால் சில கிலோ தேறும். அதை வாங்கிக்கொள்ளப் போகிறவர் கழுத்தில் ஏற்கெனவே இரண்டு மாலை, தோள்பட்டையில் ஏற்கெனவே வலி. இதே தர்க்கத்தில் சதாபிஷேகத்துக்கு எண்பது பூ. கை தளரத் தளரச் சுமை கூடும் ஒரே அன்பளிப்பு உலகில் இதுவாகத்தான் இருக்கும். கடைப்பையன் விவேகி. நாற்பத்தைந்து வைத்து இலையால் நிரப்பிவிடுவான்; மண்டபத்தில் யாரும் எண்ணப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

நிறத்தில் அவர் இன்னும் கறார். வெள்ளை கூடாது, "நல்ல காரியம் பாருங்க" என்பார். இதைச் சொல்லும் நேரத்தில் மண்டபத்திலிருக்கும் அத்தனை பெண்கள் தலையிலும் வெள்ளை வெளேரென்று மல்லிகை. மஞ்சள் சாமந்தியும் கூடாது, அது துக்க வீட்டை நினைவுபடுத்துமாம். ஆனால் துக்க வீட்டுக்குப் போகும் மாலையில் ரோஜாவும் சம்பங்கியும் இருப்பதை அவர் மறந்துவிடுவார். மிச்சமிருப்பது சிவப்பு. காதலர் தினத்துக்காக ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக ஏற்றுமதியாகும் அதே சிவப்பு, பேரன் பேத்தி எடுத்தவர் கைக்கு வருகிறது. அதில் தவறில்லை, மாமி கொடுத்திருந்தால். கொடுப்பவர் சித்தப்பா.

இதை எழுதும்போதே எதிர்வாதம் காதில் விழுகிறது: "மனசுதான் முக்கியம், பூவுக்குப் பூ என்னய்யா வித்தியாசம்?" குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் பெயராக அடுக்கிய மொழியில் இதைக் கேட்கிறார்கள். ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடினான், வென்றவன் வாகை சூடினான். இன்ன காரியத்துக்கு இன்ன பூ என்று வைத்திருந்தவர்களுக்குப் பூ தேர்வு செய்வது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த கலை அல்ல. மனசுதான் முக்கியம் என்றால் அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அறுபது வயதாகும் அந்த மனிதருக்கு எந்தப் பூ பிடிக்கும்? மரிக்கொழுந்து வாசம் வந்தால் அவர் திரும்பிப் பார்ப்பாரா, தாழம்பூவை இன்னும் பீரோவில் துணிக்கு நடுவே வைக்கிறாரா? வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். பொறுப்பாளர் அவரிடம் கேட்டதில்லை.

"சரி, பிடித்த பூவென்று நாலு முழம் மல்லி வாங்கிப் போனால் கஞ்சன் என்பார்கள்" என்பது அடுத்த கட்சி. இப்படிச் சொல்கிறவர் தை மாத முகூர்த்தத்தில் மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் பக்கம் போனதில்லை. மார்கழிப் பனியில் வரத்து குறைந்த பிறகு மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போகும். சித்தப்பாவின் கௌரவத்துக்கு அது தாராளமாகப் போதும். என்ன, அதைக் கண்ணாடித்தாளில் சுற்ற முடியாது, அட்டையில் பெயர் எழுதிச் செருக முடியாது.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. பெண்ணுக்குப் பூ கொடுத்தால் தலையில் வைத்துக்கொள்வாள். ஆணுக்கு என்ன கொடுப்பது? மாலை என்றால் அரசியல், பொன்னாடை என்றால் அதைவிட அரசியல். கையில் கொடுக்க ஒரு பூ வேண்டியிருக்கிறது, பொக்கே அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நியாயம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓய்வு வயதும் அறுபதாகிவிட்டதால், அலுவலகத்தில் ஒன்று, குடும்பத்தில் ஒன்று என்று ஒரே மாதத்தில் இரண்டு வந்து சேரும். ஆனால் வந்து சேர்ந்த பின் நடப்பதைப் பாருங்கள். கைமாறும், ஃபிளாஷ் மின்னும், பின்னால் நிற்கும் ஒரு பையன் கைக்குப் போகும், அங்கிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு, நாற்காலி தேவைப்பட்டால் பழத்தட்டுக்குப் பக்கத்தில். பழுக்கும் வாழையும் ஆப்பிளும் விடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் சீக்கிரமே வாடிவிடும். பூவைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான இடத்தை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்குப் போனால் பூச்சாடி கிடையாது. குளியலறை வாளியில் தாளோடு நிற்கும். தாளைப் பிரித்து, காம்பின் அடியைச் சாய்வாக நறுக்கி, தினம் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் இருக்கும் என்று யாராவது சொன்னால், "பிரிச்சா ஷேப் போயிடும்" என்று தடுப்பவரும் நம் பொறுப்பாளர்தான்.

காலம் இவரையும் விடுவதில்லை, இவருக்கும் அறுபது வரும். பிள்ளைகள் ஆசையாக, "அப்பா, உங்களுக்கு என்ன பூ பிடிக்கும்?" என்று கேட்பார்கள். இவர் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசிப்பார். பிறகு, "யார் குடுக்கப்போறா?" என்பார், மைத்துனர்தான் என்று தெரிந்ததும், போன வருஷம் அவருக்குத் தாம் வாங்கிய பொக்கேயின் படத்தைச் செல்பேசியில் தேடி எடுத்து, "இதைவிடச் சின்னதா இருந்தா வேண்டாம்னு சொல்லிடு."