கட்-ஆஃபும் இனிஷியலும்

கேள்வி: பொறியியல் கலந்தாய்வுக்குப் பிளஸ் டூ மாணவர் படித்தால் மட்டும் போதாதா?

பதில்: கணித மதிப்பெண்ணை முழுதாகவும், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டி, 200-க்குக் கணக்கிடப்படும் ‘கட்-ஆஃப்’ எனும் தகுதி மதிப்பெண்ணை அரைப் புள்ளி உயர்த்த ஆண்டு முழுவதும் டியூஷனுக்கு அலையும் குடும்பங்கள், சாதிச் சான்றிதழில் இனிஷியல் தவறாக இருப்பதை விண்ணப்பத்தின் கடைசி நாளில்தான் கண்டுபிடிக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறவிருப்பவருக்குக் கட்டணச் சலுகை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையின் ஒப்புதலுக்குக் காத்திருந்து பெற வேண்டியதே. அத்துறையோ (யார் சென்டம் வாங்கினாலும்) தன் நடையில்தான் நடக்கும். சான்றிதழ்கள் தவிர, கலந்தாய்வில் மாணவர் தரும் விருப்பப் பட்டியலில் முதலில் எழுதிய கல்லூரியையே கணினி முதலில் பரிசீலிப்பதால், அவ்வரிசையைப் பக்கத்து வீட்டு மாமாவிடம் ஒப்படைப்பதும் ஆபத்து. சான்றிதழ்களை அரையாண்டு விடுமுறையிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது.