நாட்சுவடி வகையியல்

மாணாக்க, செவி கொடு. நாளை செய்ய வேண்டியதை இன்றே எழுதிவைக்கவும், இன்று நடந்ததை இரவில் எழுதிவைக்கவும் கட்டப்பட்ட தாள்தொகுதி நாட்சுவடி எனப்படும். முன்னதற்கு மட்டும் இடம் தருவது திட்டச்சுவடி. பின்னதற்கு மட்டும் இடம் தருவது நினைவுச்சுவடி. இரண்டிற்கும் இடமுண்டு என்று அட்டையில் பொறித்து, உள்ளே இரண்டிற்கும் இடம் போதாமல் விடுவது கடைச்சுவடி. ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியிருக்கும் தமிழர்க்கு இவற்றுள் எது ஒத்துவரும் என்பதே இங்கு ஆயப்படும் பொருள். பிற ஊரார் தத்தம் ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்க.

முதற்பகுப்பு, சுவடி கைக்கு வரும் வழியால் அமைவது. அது கொடை, விலை, எச்சம் என மூன்று.

1. கொடைச்சுவடி. மார்கழியில் வங்கி, காப்பீட்டு நிறுவனம், நகைக்கடை, மருந்துக் குழும முகவர் ஆகியோர் வாயிலாக வந்து சேர்வது. கேளாமல் பெறுவது, கேட்டுப் பெறுவது, பிறர்க்கு வந்ததைப் பெறுவது என இதன் உட்பிரிவு மூன்று. மூன்றாவதே பெருவழக்கு. அட்டையில் கொடுத்தவர் பெயர் பொன்னிறத்தில் மின்னும். முதற்பக்கத்தில் பெற்றவர் தம் பெயர், குருதி வகை, ஊர்தி உரிம எண், இடர் நேரின் யாருக்கு அறிவிப்பது ஆகியவற்றைத் திருத்தமான கையெழுத்தில் எழுதுவார். இவ்வகைச் சுவடிகளில் எஞ்சாமல் நிரப்பப்படும் பக்கம் அஃதொன்றே. அடுத்து வருவது ஊர்த்தொலைவுப் பட்டியல். அதனைப் பார்த்து வழி நடந்தார் ஒருவரும் இலர். ஆயினும் அதனைக் கிழித்தாரும் இலர்.

கொடைச்சுவடியின் தலையாய குற்றம் ஞாயிற்றுக்குறுக்கம். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொரு முழுப்பக்கம் பெறும். காரியும் ஞாயிறும் மட்டும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக ஒடுங்கும். ஐகாரம் சொல்லின் கடையில் குறுகுவதுபோல ஞாயிறும் கிழமையின் கடையில் குறுகிற்று என அமைதி கூறுவர் சிலர். அது பொருந்தாது. ஐகாரம் குறுகினால் ஐதராபாத்துக்குக் கேடில்லை. ஞாயிறு குறுகினால் உண்டு. போனாலு விழா பெரும்பாலும் ஞாயிறுகளில் இடம் மாறி நடப்பது. கோல்கொண்டாவில் தொடங்கி, செகந்தராபாத்து உச்சயினி மாகாளி கோயிலுக்கு வந்து, பிறகு லால் தர்வாசா செல்லும். எந்த ஞாயிறு எந்தத் தெரு அடைபடும் என்று எழுத அரைப்பக்கம் காணாது. அபிட்சு நடைபாதையில் பழைய நூல்கள் பரப்பப்படுவதும் ஞாயிற்றில்தான். இன்னும் கேள்: 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. எண்ணெய்க் குளியல், இனிப்புப் பங்கீடு, மைத்துனர் வருகை அனைத்தும் அரைப்பக்கத்தின் ஒன்பது கோடுகளுக்குள் அடங்கியாக வேண்டும்.

2. விலைச்சுவடி. இலண்டனில் சான் லெட்சு என்பார் 1812இல் நாளிட்ட சுவடியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அந்நகரிலேயே 1921இல் தோன்றிய ஃபைலோஃபேக்சு, தாளைக் கழற்றவும் செருகவும் வளையம் வைத்தது. சப்பானியரின் ஒபோனிச்சி, உரித்த வெங்காயத் தோல்போல் மெல்லிய தாள் கொண்டு, நாளுக்கொரு பக்கம் வைத்தும் கைக்கடங்கி நிற்கிறது. இவை பற்றி இவ்வளவே போதும். விலை கேட்டு மீண்டும் அடுக்கில் வைப்பாரே மிகுதி. ஒரு குறை மட்டும் சொல்லத் தகும். மணிக்கோடு இட்ட சுவடிகள் பலவும் காலை 8இல் தொடங்கும். இவ்வூரிலோ குழாயில் நீர் இருள் பிரியுமுன் வந்துவிடுவதும் உண்டு. 8க்கு முன் நிகழ்ந்து கோட்டுக்கு மேல் விளிம்பில் எழுதப்படும் வேலைக்கு விளிம்புவினை என்று பெயர். வீட்டில் இருப்பார்க்கு நாளின் வேலைகளுள் பாதி விளிம்புவினையே.

3. எச்சச்சுவடி. முன்னாண்டுகளில் எழுதாமல் விட்டு மேசையறையில் கிடப்பது. இதனைக் கழித்துவிடாதே. ஆண்டு எந்தக் கிழமையில் பிறக்கிறது என்பதால் ஏழும், பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்பதால் இரண்டுமாக, உலகில் உள்ள ஆண்டு வடிவம் மொத்தம் பதினான்கே. 2015ஆம் ஆண்டுச் சுவடி 2026க்கு நாளும் கிழமையும் பிசகாமல் பொருந்தும், 2037க்கும் பொருந்தும். 29 நாள் பிப்ரவரி கொண்ட 2024ஆம் ஆண்டுச் சுவடியை வைத்திருப்பார் 2052 வரை பொறுத்திருத்தல் வேண்டும். பதினான்கு சுவடிகளை முறையாகச் சேர்த்தவர் பிறகு விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் பிறை பார்த்து வரும் விழாக்களை அச்சில் உள்ளபடி நம்பாதே. 2015ஆம் ஆண்டுச் சுவடி தீபாவளியை நவம்பர் 10 என்று காட்டும். அதை நம்பியவர் 2026இல் இரண்டு நாள் கழித்து எண்ணெய் தேய்ப்பார்.

இரண்டாம் பகுப்பு, நாளிட்டது, நாளிடாதது என்பது. இங்கே நின்று நிதானித்துப் பயில்க. நாளிட்ட சுவடி எதுவாயினும் ஏழுநாட் கட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐதராபாத்து வாழ்க்கை அக்கட்டத்துள் அடங்குமா என்று ஆய்ந்தால், அடங்காத சுழற்சிகள் நான்கு புலப்படும்.

முதலாவது நீர்ச்சுழற்சி. நகரின் பல பகுதிகளில் குழாய்நீர் ஒன்றுவிட்ட ஒருநாள் வருகிறது. இரண்டால் ஏழு வகுபடாது. ஆகவே இக்கிழமை திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என வந்த நீர், அடுத்த கிழமை செவ்வாய், வியாழன், காரி என வரும். ஏழுநாள் விரியும் பக்கத்தில் அதை ஒருமுறை குறித்துப் படியெடுக்க இயலாது. பதினான்கு நாள் விரியும் பக்கமே வேண்டும். அத்தகைய சுவடியை அச்சிட்டு விற்பார் ஒருவரையும் யாம் கண்டிலேம்.

இரண்டாவது பிறைச்சுழற்சி. இரமலான் ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னேறிக்கொண்டே வரும். 2030இல் சனவரியில் ஒருமுறையும் திசம்பர் இறுதியில் மறுமுறையுமாக ஓராண்டில் இருமுறை தொடங்கும். சார்மினார்ப் பக்கம் மாலையில் வேலை வைத்துக்கொள்வார்க்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது இருதிங்கட் சுழற்சி. தமிழர் திங்கள் கதிரவனைக் கொண்டு பிறப்பது. தெலுங்கர் திங்கள் காருவா என்னும் அமாவாசை கழிந்து பிறப்பது. நம் வீட்டில் ஆனி நடக்கும்போதே எதிர்வீட்டில் அவர்களின் ஆடி பிறந்துவிடும். செகந்தராபாத்துத் தமிழர் அடுக்களையில் சிவகாசி நாட்காட்டியும் தெலுங்கு நாட்காட்டியும் அருகருகே தொங்குவது இதனால்தான். தம் வீட்டுத் திருமணத்துக்கு ஒன்று, அழைப்பு வந்த திருமணத்துக்கு மற்றொன்று.

நான்காவது பசலி என்னும் வருவாய் ஆண்டு. நிசாம் ஆட்சியில் அரசு அலுவல் பசலி ஆண்டில் நடந்தது, அது போயிற்று. ஆனால் தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் சூலை 1 தொடங்கும் பசலி இன்றும் உள்ளது. ஊரில் காணி நிலம் உடையார் மட்டும் இதனைக் கருதுக. ஏனையோர் தாண்டிச் செல்க.

நான்கும் அடங்காமையின் நாளிட்ட சுவடி இவ்வூர்க்கு ஆகாது என்பது முடிபு. நாளிடாததில் நாளை நாமே இடுவோம். இரண்டு நாட்காட்டிப்படியும் இடலாம். இது புதுமையன்று. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, தமிழ் நாளையும் ஐரோப்பிய நாளையும் தலைப்பில் சேர்த்தே இட்டார். பிரெஞ்சுக்காரரோடு பேச ஒன்று, ஊராரோடு பேச ஒன்று. அவருக்கு மணிக்கோடு போட்டுத் தருவார் இலர். அதனால் அவர்க்கு விளிம்புவினையும் இல்லை.

மூன்றாம் பகுப்பு, முடியாத வேலை அடுத்த நாளோடு சேரும் முறை. இதற்குப் பணிப்புணர்ச்சி என்று பெயரிடுவோம். வேலை நின்ற நாள் நிலைநாள். அது சென்று சேரும் நாள் வருநாள். அமெரிக்காவின் இரைடர் கேரல் 2013இல் வெளியிட்ட புள்ளிச்சுவடி முறையில் செய்ய வேண்டியதற்குப் புள்ளி, செய்ததற்குப் பெருக்கற்குறி, அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவதற்கு வலநோக்கிய கூர்ங்குறி என அமைத்தார். அவ்வாறு கொண்டுபோதல் அனைத்துக்கும் ஒரே குறி வைத்தது அவர் தமிழ் இலக்கணம் பயிலாமையின் விளைவு. புணர்ச்சி இயல்பு என ஒன்றும், தோன்றல், திரிதல், கெடுதல் எனத் திரிபு மூன்றுமாக நால்வகைப்படும்.

இயல்பு: ‘மின்கட்டணம் கட்டு’ என்பது மறுநாளும் ‘மின்கட்டணம் கட்டு’ என்றே நிற்பது. கடைசி நாள் வரை மாறாது.

தோன்றல்: ‘தையற்காரரிடம் சட்டை வாங்கு’ என்பது ‘தையற்காரரிடம் சட்டை வாங்கு, இன்று கடை மூடல்’ எனச் சொல் மிக்கு வருவது. மிகுந்த சொல் பெரும்பாலும் பிறர் குற்றத்தைச் சுட்டும்.

திரிதல்: நிலைநாளில் ‘பெரியம்மாவைப் போய்ப் பார்’ என்று இருந்தது, வருநாளில் ‘பெரியம்மாவிடம் தொலைபேசியில் பேசு’ எனத் திரியும். மேலும் ஒரு நாள் கழிந்தால் ‘பெரியம்மா அழைத்தால் எடு’ எனத் திரியும். அதற்குமேல் திரிபில்லை, பெரியம்மாவே நேரில் வந்துவிடுவார்.

கெடுதல்: ‘விடியலில் நடை’ என்பது தையில் இருந்து மாசியில் சுவடின்றி மறைவது. கெட்டதற்குக் குறி இடார்.

எழுதுவோரையும் வகுத்தல் உண்டு. பலவகை கூறுவர்; யாம் ஒன்றே கூறுவோம். நாம்பள்ளியில் நடக்கும் நுமாயிசு என்னும் பொருட்காட்சி 1938இல் தோன்றியது. வழக்கமாகச் சனவரி 1இல் திறந்து பிப்ரவரி 15இல் மூடும், 46 நாள். இவ்வூரில் திட்டச்சுவடி எழுதுவாருள் நீண்டகால எழுத்தர் எனத்தக்கார் அதனோடு தொடங்கி அதனோடு நிறுத்துவோர். குறுங்காலத்தார் பொங்கலைத் தாண்டார்.

தாளும் மையும் பற்றி. மைக்குற்றம் மூன்று: எழுத்தின் ஓரம் மயிர்விடுதல் சிறகு, மறுபக்கத்தில் உருவம் தெரிதல் நிழல், மறுபக்கத்துக்கே வந்துவிடுதல் ஊடுருவல். நிழல் பொறுக்கலாம். ஊடுருவல் பொறுக்கலாகாது, செவ்வாயின் வேலை புதனில் புள்ளியாய்த் தோன்றி, செய்ய வேண்டியது என்று மயங்கவைக்கும். அபிட்சில் 1928 முதல் இருக்கும் டெக்கான் பென் ஸ்டோர்சு போன்ற கடைகளுக்கு மைத்தூவல் வாங்கச் செல்வோர் தம் சுவடியையும் உடன் கொண்டு செல்க. கடையார் நீட்டும் தாளில் கையொப்பமிட்டுப் பார்த்து வாங்குவது வழக்கு, அது பிழை. கையொப்பம் நாட்சுவடியில் வருவதில்லை. ‘நீர் வரும் நாள்’ என்று எழுதிப் பார்க்க. ‘ள்’ தெளிவாக விழுந்தால் வாங்குக.

ஆகவே ஒத்துவருவது இது: கோட்டிப் பக்கத்து ஏட்டுக்கடைகளில் கிடைக்கும், கோடு மட்டும் போட்ட, நாளிடாத, தைத்த நெடுஞ்சுவடி. இடப்பக்கம் திட்டத்துக்கு, வலப்பக்கம் நினைவுக்கு. தலைப்பில் இருநாள். முதல் இரண்டு பக்கங்களில் பதினான்கு வரிக் கட்டம் ஒன்று, நீருக்கு. ஞாயிற்றுக்கு இரண்டு பக்கம் விடுக.

புறனடை. மேற்கூறிய எதனுள்ளும் அடங்காதது பால்கணக்கு. பால் வராத நாளை அடுக்களை நாட்காட்டியின் கட்டத்தில் ஒரு பெருக்கற்குறியாகவும், கூடுதலாக வாங்கிய நாளை ‘அரை’ என்றும் வீட்டிலுள்ள பெண்கள் கரித்துண்டாலோ கையில் கிடைத்த எழுதுகோலாலோ குறித்து வருவர். ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விடுபடாமல் எழுதப்படும் குறிப்பு இஃதொன்றே எனினும், எழுதப்படுவது சுவடியன்மையின் அது இந்நூலில் ஆயப்படாது. நாட்காட்டியியலில் காண்க.